கொழும்பு மாநகர சபையும் கொள்ளைநோயும்

கொழும்பு நகரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கோட்டையையும் துறைமுகத்தையும் தேசாதிபதிகளையும் பற்றியே விரித்துரைத்தனர். அந்நகர மாந்தர் குடித்த நீர் எங்கிருந்து வந்தது, அவர்தம் வீட்டுக் கழிவு எவ்வழிச் சென்றது, அவர் நோயுற்றபோது அவர் வாயிலிற் போய் நின்ற உத்தியோகத்தர் யாவர் என்பனபற்றி எழுதினோர் சிலரே. இவையோ மாநகர சபையின் அன்றாட அலுவல்கள். ஒரு நகர சபை எத்தகையது என்பதை அதன் மண்டபத்தின் தூண்களைக் கொண்டு அறிதல் இயலாது. கொள்ளைநோய்க் காலத்தில் அது எதனை முதலிற் செய்தது, எதனைப் பின்னுக்குத் தள்ளியது, யாரைக் கேட்டுச் செய்தது என்பவற்றைக் கொண்டே அறிதல் வேண்டும். அவ்வகையில் 1914ஆம் ஆண்டின் பிளேக்கு நோய் கொழும்பு மாநகர சபைக்கு வாய்த்த பெருஞ்சோதனையாகும்.

1865ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தினால் கொழும்பிலும் கண்டியிலும் மாநகர சபைகள் நிறுவப்பட்டன. கொழும்புச் சபை 1866ஆம் ஆண்டு சனவரியிற் கூடியது. சார்ள்ஸ் பீற்றர் லேயாட் அதன் முதற்றலைவராயினார். அன்று தொட்டு எழுபது ஆண்டுகளுக்கு மேலாக, 1937ஆம் ஆண்டுவரை, அச்சபைக்குத் தலைமை தாங்கியோர் அரசாங்கத்தால் அமர்த்தப்பட்ட சிவில் சேவை உத்தியோகத்தரே. உறுப்பினருட் சிலரை மக்கள் தெரிந்தெடுத்தனர் எனினும், 'மக்கள்' என்னும் சொல் ஈண்டுச் சற்றுக் குறுகிய பொருளுடையது. சொத்தும் வருமானமும் உடையோரே வாக்குரிமை பெற்றிருந்தனர். புறக்கோட்டையில் மூட்டை சுமந்த நாட்டாமைகளும், துறைமுகத்திற் கரியள்ளிய கூலிகளும், கொட்டாஞ்சேனைத் தோட்டங்களில் ஓர் அறைக்குள் ஒரு குடும்பமாக வாழ்ந்தோரும் அவ்வுரிமையின் புறத்தே நின்றனர். நோய் தேடிச் சென்றது இவர்களையே. நோயைத் தடுக்கும் முறைகளை வகுத்த சபையிலோ இவர்தம் குரல் ஒலிக்கவில்லை. பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள இவ்வுண்மையை மனத்திற் கொள்ளல் இன்றியமையாதது.

கொழும்பின் வடக்கும் தெற்கும் அக்காலத்தில் இருவேறு உலகங்கள் எனலாம். வடக்கே, துறைமுகத்தின் அருகே, புறக்கோட்டையும் செட்டியார் தெருவும் ஜிந்துப்பிட்டியும் கொச்சிக்கடையும் கொட்டாஞ்சேனையும் ஒன்றோடொன்று நெருங்கிக் கிடந்தன. சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்கிய பொன்னம்பலவாணேசர் கோயிலும், கதிரேசன் கோயில்களும், கிறித்தவ ஆலயங்களும், பள்ளிவாசல்களும் இந்நெருக்கத்தினிடையே எழுந்து நின்றன. தெருவின் முகப்பில் வாணிகரின் கிட்டங்கிகளும் அவற்றின் பின்னே சந்துகளும் சந்துகளின் இருமருங்கும் 'தோட்டம்' என்னும் பெயர்பெற்ற வரிசை வீடுகளும் இருந்தன. தோட்டம் என்ற பெயரேயன்றி அங்கே மரமுமில்லை, செடியுமில்லை. தெற்கே வெள்ளவத்தை நகரின் எல்லையாய், தென்னஞ்சோலைகளும் தனித்தனி வீடுகளும் உடையதாய் இருந்தது. 1890ஆம் ஆண்டளவில் எழுந்த நூல் நூற்கும் ஆலையும் அதன் தொழிலாளர் குடியிருப்புமே ஆங்கு நெருக்கமான பகுதி. இவ்விரு உலகங்களையும் ஆண்டுதோறும் இணைத்தது ஆடிவேல் விழா. செட்டியார் தெருவிற் புறப்படும் வேல் இரதம் காலி வீதி வழியே பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைக் கோயில்களை நோக்கிச் செல்லும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாந்திபேதிக்கு அஞ்சி அரசாங்கம் கதிர்காம யாத்திரையைக் கட்டுப்படுத்தியதும் கொழும்பில் இவ்விழா சிறப்புற்றதற்கு ஒரு காரணம் எனக் கூறுவாருமுளர். அங்ஙனமாயின், நகரின் பெருந்திருவிழாவே நோய்த்தடுப்புச் சட்டமொன்றின் நிழலில் வளர்ந்ததாகும்.

பிளேக்கு நோய் 1894இல் ஹொங்கொங்கிலும் 1896இற் பம்பாயிலும் தோன்றியது. நோயின் கிருமியை யெர்சின் என்பார் ஹொங்கொங்கிற் கண்டறிந்தார். எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே நோயைக் கடத்துகிறது என்பதை 1898இற் கராச்சியில் ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் சைமொண்ட் எடுத்துரைத்தார். அவர் கூற்றை உலகம் ஏற்கச் சில ஆண்டுகள் சென்றன. இடைக்காலத்தில் இந்திய அரசாங்கம் கைக்கொண்ட முறைகள் கடுமையானவை. பூனாவிற் படைவீரர் வீடு புகுந்து சோதனை செய்தமையால் எழுந்த வெகுளி, 1897ஆம் ஆண்டு யூன் மாதத்தில் றான்ட் என்னும் அதிகாரியின் கொலையில் முடிந்தது. இலங்கையரசாங்கம் இவற்றையெல்லாம் கவனித்திருந்தது. அதே 1897ஆம் ஆண்டில் 3ஆம் இலக்கத் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. கப்பலை மறிக்கவும், வீட்டுட் புகவும், நோயாளரை அகற்றவும், பொருள்களை அழிக்கவும் ஏற்ற விதிகளை ஆக்கும் அதிகாரத்தை அது அளித்தது.

பம்பாயில் நோய் தோன்றிப் பதினேழு ஆண்டுகள் கழிந்தும் கொழும்பு தப்பியிருந்தது. அது தடுப்பு முறைகளின் வெற்றியெனவே கருதப்பட்டது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் முகாம்களிற் பல நாள் தடுத்துவைக்கப்பட்டுப் பரிசோதிக்கப்பட்டனர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பற் சேவை தொடங்கியபின் மண்டபம் முகாம் இவ்வகையிற் பெயர்பெற்றது. ஏழை மனிதன் ஒவ்வொருவனும் நோயைக் கொணர்வான் என ஐயுற்று நிறுத்தப்பட்டான். அவனுடைய உணவுக்காக றங்கூனிலிருந்தும் இந்தியத் துறைகளிலிருந்தும் வந்த அரிசி மூட்டைகளோ தடையின்றிக் கிட்டங்கிகளை அடைந்தன. மனிதரைச் சோதித்தனர், மூட்டையைச் சோதித்தாரல்லர்.

1914ஆம் ஆண்டு சனவரியிற் கொழும்பிற் பிளேக்கு நோய் இனங்காணப்பட்டது. அது புறக்கோட்டையையும் அதனைச் சார்ந்த பகுதிகளையும் பற்றியது. அப்போது நகரின் மக்கட்டொகை 2 இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டது. சபையின் சுகாதார மருத்துவ அதிகாரியாயிருந்தவர் வில்லியம் மார்ஷல் பிலிப். நகரின் நுண்ணுயிராய்வாளராயிருந்தவர் பேபியன் ஹேர்ஸ்ற். இவ்விருவரும் 1914 முதல் 1916 வரை நிகழ்ந்தவற்றைத் தொகுத்து 1917ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை கொழும்பின் வரலாற்றை ஆராய்வார்க்கு அரிய கருவூலம். நகர சபையொன்று தன் சொந்த ஆய்வுக்கூடத்தையும் ஆய்வாளரையும் கொண்டிருந்தமை அக்காலத்து ஆசிய நகரங்கள் பலவற்றுக்கு வாய்க்காத பேறாகும். இச்சபையைக் குறைகூறுவோர் இதனையும் உடன்கூறுதல் நேர்மையாகும்.

கொழும்பிற் கண்ட நோய்க்கு ஓர் இயல்பு இருந்தது. பிளேக்கு என்றால் அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறிகட்டும் என்பது மருத்துவர் யாவரும் அறிந்தது. கொழும்பிலோ குருதியையே நேராக நஞ்சாக்கும் வகை மிகுதியாகக் காணப்பட்டது. நெறி இல்லை, கடுங்காய்ச்சல், ஓரிரு நாளில் மரணம். இதனை மலைக்காய்ச்சலென்றோ சன்னியென்றோ எவரும் எளிதில் எண்ணிவிடுவர். குருதியை நுணுக்குக்காட்டியில் நோக்கினாலன்றித் துணிதல் இயலாது. ஆகவே நோயின் உண்மையான பரவலை அறிய விரும்பிய சபை, இருந்தோரை மட்டுமன்றி இறந்தோரையும் ஆராயவேண்டிய நிலைக்கு உள்ளாயிற்று. இங்கேதான் சபையின் கடமையும் குடிமக்களின் உணர்வும் நேருக்கு நேர் முட்டின. இந்துவின் வீட்டிற் பிணம் நெடுநேரம் கிடத்தல் தகாது. முசுலிமின் வீட்டிலும் அடக்கம் விரைவில் நிகழ்தல் வேண்டும். அந்நியர் கைபடுதல் இருசாராருக்கும் ஒவ்வாதது. உத்தியோகத்தரின் கண்ணுக்கு இது அறியாமையாகத் தோன்றியிருத்தல் கூடும். தந்தையின் உடலை முறைப்படி வழியனுப்பவேண்டும் என்னும் மகனின் எண்ணத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. நோயை அறிவித்தால் வீடு பூட்டப்படும், உற்றார் பிரிக்கப்படுவர், உடைமைகள் மருந்தடிக்கப்பட்டுப் பாழாகும், நாட்கூலி போய்விடும் என அஞ்சுவோன் நோயை மறைப்பான். எவ்வூரிலும் இதுவே நிகழ்ந்தது. கடுமை மிகுந்தால் மறைவும் மிகும். மறைவு மிகுந்தால் நோயும் மிகும். பூனாவிற் கற்ற பாடத்தாற்போலும், கொழும்பில் அத்துணைப் பெரிய கலகம் எதுவும் பிளேக்குத் தடுப்பின் காரணமாக எழவில்லை.

சபை மேற்கொண்ட பணிகளுட் பெரியது எலி ஒழிப்பாகும். பிடிபட்ட எலிகள் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவரப்பட்டன. எலியின் உடலில் நோயுண்டா என்பதோடு அதன் உரோமத்தில் எத்தனை தெள்ளுகள், எவ்வகைத் தெள்ளுகள் என்பனவும் கணக்கிடப்பட்டன. மற்றொரு முடிவு சட்ட வடிவில் வந்தது. 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர்மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் வீடுகளுக்கிடையே வெளி விடுதல், காற்றும் ஒளியும் புக வழிசெய்தல், தெருக்களின் அகலம், வாழத்தகாத கட்டடங்களை மூடுதல் ஆகியவற்றில் நகர சபைகளுக்கு அதிகாரம் அளித்தது. பம்பாயிலும் 1896இன் கொள்ளைநோயைத் தொடர்ந்தே 1898இல் நகர்மேம்பாட்டு நம்பிக்கைச் சபை தோன்றியது என்பதை ஈண்டு ஒப்புநோக்கலாம்.

இச்சட்டத்தின் நோக்கம் நன்று. ஆயின், தகாத வீட்டை மூடும் அதிகாரம் எளிதிற் செலுத்தக்கூடியது. தக்க வீட்டைக் கட்டிக்கொடுக்கும் கடமையோ பணம் வேண்டுவது. சபையின் பணம் சோலைவரியிலிருந்து வந்தது. சோலைவரி செலுத்தியோர் வீட்டுடைமையாளர், அவரே வாக்காளர். தோட்டங்களின் உரிமையாளரும் அவருள் அடங்குவர். ஆதலின் இடிப்பதில் விரைவும் கட்டுவதில் தாமதமும் நேர்ந்ததில் வியப்பில்லை. ஒரு சந்தில் இடம் இழந்தவன் துறைமுகத்தைவிட்டுத் தொலைவில் வாழ முடியாதாகையால் அடுத்த சந்தில் மேலும் நெருங்கிக் குடிபுகுந்தான். இக்குறையைத் தனியார் முயற்சியால் ஓரளவு நிரப்ப எழுந்தவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தி மக்களின் வாழ்வை எண்களாற் கண்டவர் அவர். ஓய்வுபெற்றபின் 1915ஆம் ஆண்டில் இலங்கைச் சமூக சேவைச் சங்கத்தை நிறுவி நகரத்து ஏழைகளின் நிலையை நேரிற் காணப் புறப்பட்டார். உலகப் போரும் அவ்வாண்டின் கலவரமும் படைச்சட்டமும் அரசாங்கத்தின் கவனத்தை வேறு திசைக்கு ஈர்த்த காலம் அது.

வீட்டு நெருக்கமே பிளேக்கின் வேர் என்னும் கருத்தை ஹேர்ஸ்ற் முழுமையாக ஏற்கவில்லை. நெருக்கமும் வறுமையும் நகரின் பல பகுதிகளில் இருந்தன. எலியோ எங்கும் இருந்தது. நோய் மட்டும் அரிசிக் கிட்டங்கிகளைச் சுற்றிச் சுற்றி நின்றது ஏன்? விடை தெள்ளுப்பூச்சியிற் கிடைத்தது. கொழும்பு எலிகளில் இயல்பாக வாழ்ந்தது ஆஸ்தியா என்னும் இனம்; 1911இல் றொத்சைல்ட் என்னும் ஆங்கிலேயர் அதனைத் தனியினமாக வகுத்தார். பிளேக்கைக் கடத்துவதில் வல்லது கியோப்பிஸ் என்னும் பிறிதோர் இனம். (இதற்கும் அவரே 1903இற் பெயரிட்டார், பிரமிட்டைக் கட்டிய எகிப்திய மன்னனின் பெயர் ஒரு தெள்ளுக்கு வந்து வாய்த்தது விந்தையே.) கொழும்பிற் கியோப்பிஸ் மிகுந்து காணப்பட்டது தானியக் கிட்டங்கிகள் உள்ள பகுதியிலேயாம். தானியத்தோடும் சாக்கோடும் கடல்கடந்து வந்து அது ஆங்கே குடியேறியது. கொழும்பின் வெப்பத்தில் ஆஸ்தியா நோயைக் கடத்துவது அரிது. ஆதலின் நோய் கிட்டங்கிப் பகுதியைத் தாண்டிப் பரவ வலியற்றதாயிற்று. ஆஸ்தியா மிகுந்த சென்னை நகரம் பிளேக்கிலிருந்து பெரும்பாலும் தப்பியதற்கும் இதுவே காரணமென அவர் கருதினார். 1923இல் அவர் இதனை விரிவாக வெளியிட்டார்; 1953இல் வெளிவந்த 'பிளேக்கின் மீது வெற்றி' என்னும் பொருள்படும் அவரது பெருநூல் உலகப் புகழ் பெற்றது.

இக்கண்டுபிடிப்பு நகர அலுவலில் விளைத்த மாற்றம் சிறிதன்று. வெள்ளவத்தை வாசி தப்பியதற்கு அவனுடைய தூய்மைப் பழக்கம் மாத்திரமன்றி, அவன் வீட்டெலியின் மேலிருந்த தெள்ளின் சாதியும் காரணம் என்பது தெளிவாயிற்று. புறக்கோட்டையில் மாண்டவன் தன் அழுக்கால் மாண்டான் என்னும் இழிசொல்லுக்கு அடிப்படை அற்றுப்போயிற்று. அவன் மாண்டது தீவு முழுவதும் உண்ட அரிசிக்கு அருகே அவன் உழைத்தமையாலும் உறங்கியமையாலுமே. அரிசியை மக்களின் உறைவிடத்திலிருந்து பிரித்து, எலி புகாத கட்டடங்களில் வைத்தலே வழியென்பது உறுதியாயிற்று. 1913 முதல் 1915 வரை தேசாதிபதியாயிருந்த சேர் றொபேட் சால்மர்சின் பெயரால் எழுந்த தானியக் களஞ்சியங்கள் இவ்வகையிற் பயன்பட்டன. ஆண்டுதோறும் சிலரையேனும் பலிகொண்டு வந்த பிளேக்கு 1930களின் இறுதியில் இலங்கையைவிட்டு அகன்றது.

இதனிடையே 1918ஆம் ஆண்டின் சளிச்சுரம் வந்து போயிற்று. அதனைத் தடுக்க எலிப்பொறியும் உதவாது, களஞ்சியமும் உதவாது. யூன் மாதத்திற் கொழும்புத் துறைமுகத்தின் வழியே அது நுழைந்தது. ஆண்டின் பிற்பகுதியில் மீண்டும் கொடுமையாக எழுந்து புகையிரதப் பாதைகளைத் தொடர்ந்து தீவெங்கும் பரந்தது. அண்மைக்கால ஆய்வொன்று தீவின் மக்கட்டொகை இழப்பை ஏறக்குறைய 3,07,000 என, அஃதாவது நூற்றுக்கு 6.7 என, மதிப்பிடுகின்றது. பிளேக்கு கால் நூற்றாண்டிற் கொண்டதைவிட இது பன்மடங்கு பெரிது. எனினும் பிளேக்கு விட்டுச்சென்ற அளவுக்குச் சட்டமோ கட்டடமோ இந்நோய் விட்டுச்செல்லவில்லை. சில மாதங்களிற் கடந்துபோகும் நோய் சபைகளின் நினைவிலிருந்தும் விரைவிற் கடந்துபோகும் போலும்.

1921இல் நகரமைப்பு அறிஞர் பற்றிக் கெடிஸ் கொழும்பைப் பார்வையிட்டுத் தம் முதனிலை அறிக்கையை அளித்தார். 1937இல் சபையின் அமைப்பு மாறியது. தெரிந்தெடுக்கப்பட்ட முதல் நகரபிதாவாக வைத்தியர் இரத்தினசோதி சரவணமுத்து பதவியேற்றார். மருத்துவர் ஒருவர், அதிலும் தமிழர் ஒருவர், அப்பதவியை முதலில் அடைந்தமை குறிப்பிடத்தக்கது. அவருடைய மனைவியார் நேசம் சரவணமுத்து 1932 முதல் அரசாங்க சபையிற் கொழும்பு வடக்கின் பிரதிநிதியாயிருந்தார். சர்வசன வாக்குரிமையால் தோட்டவாசியின் வாக்கும் அப்போது எண்ணப்பட்டது.

ஒரு நூற்றாண்டு கழிந்து 2020இற் கோவிட் பெருந்தொற்று வந்தபோது பழைய வரைபடமே மீண்டும் விரிந்தது. மார்ச்சு மாதம் 20ஆம் திகதி நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. ஏப்பிரலில் வாழைத்தோட்டத்துப் பண்டாரநாயக்க மாவத்தை மக்கள் பெருந்தொகையாகத் தனிமைப்படுத்தல் நிலையங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஒக்டோபரில் பேலியகொடை மீன்சந்தையிலிருந்து நோய் பரவவே, கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், புளூமெண்டல், கிராண்ட்பாஸ் ஆகிய பொலிசுப் பிரிவுகள் மூடப்பட்டன. தெற்கே வெள்ளவத்தை அத்துணை நீண்டகாலம் அடைபடவில்லை. தொடர்மாடிகளின் வாயில்கள் அடைக்கப்பட்டபோது நாட்கூலியாளர் வருமானமின்றி வீட்டிலிருந்தனர். அரசாங்கம் முதலலையின்போது குறைந்த வருமானமுடைய குடும்பங்களுக்கு 5,000 ரூபா வழங்கியது.

செலுத்தப்பட்ட சட்டம் 1897ஆம் ஆண்டுச் சட்டமே. முடிவு செய்த இடம் மட்டும் மாறியிருந்தது. 1914இல் நகரின் மருத்துவ அதிகாரியும் ஆய்வாளரும் முன்னின்றனர். 2020இல் இராணுவத் தளபதியின் தலைமையிலமைந்த தேசியச் செயற்பாட்டு நிலையம் முன்னின்றது. ரோசி சேனாநாயக்க நகரபிதாவாயிருந்த சபையின் பொதுச் சுகாதாரத் திணைக்களம் பரிசோதனைகளை நடத்தியது; பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சந்துதோறும் நடந்தனர். ஆயினும் எத்தெருவை எப்போது திறப்பது என்பதைத் துணியும் இடம் நகர மண்டபமன்று. தெருவை அறிந்தவர் ஒருவர், தெருவை மூடுபவர் பிறிதொருவர் என்னும் இந்நிலை 1914இன் குறையினின்றும் வேறானது. ஆனால் அதற்குச் சிறியதன்று. அன்று தோட்டவாசிக்கு வாக்கில்லை. இன்று அவனுக்கு வாக்குண்டு. அவன் வாக்களித்த சபைக்கு அதிகாரம் குறைவு.

இறந்தோரைப்பற்றிய பழைய வழக்கும் மீண்டும் எழுந்தது. 2020 ஏப்பிரல் 11ஆம் திகதி வெளிவந்த வர்த்தமானி, நோயால் இறந்த அனைவரையும் தகனம் செய்தல் வேண்டும் என அதே 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகளைத் திருத்தியது. அடக்கத்துக்குத் தடையில்லை என உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், முசுலிம்களும் கிறித்தவருட் பலரும் ஏறத்தாழப் பத்து மாதங்கள் தம் உறவினரைத் தம் முறைப்படி அடக்க இயலாதிருந்தனர். இந்துக்களின் மரபில் தகனம் இயல்பே எனினும், வாய்க்கரிசி இடவும் கொள்ளி வைக்கவும் பிள்ளைகள் அருகிருக்க முடியாமை அவர்க்கும் ஆறாத் துயரமாயிற்று. 2021 பெப்ரவரி 25ஆம் திகதி அவ்விதி மாற்றப்பட்டது. மார்ச்சு மாதத்திலிருந்து மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கங்கள் நிகழ்ந்தன. கொழும்பிலிருந்து அவ்விடம் இருநூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவு.

2020 நவம்பரில், புறக்கோட்டையில் நெடுங்காலம் நடந்துவந்த மானிங் சந்தை பேலியகொடைக்கு மாற்றப்பட்டது. மாற்றம் முன்னரே திட்டமிடப்பட்டதாயினும், அது நிறைவேறியது நோய்க்காலத்தில். சால்மர்சின் களஞ்சியங்களும் மானிங்கின் சந்தையும் தேசாதிபதிகளின் பெயரால் அருகருகே எழுந்தவை. சந்தையை நம்பி மூட்டை சுமந்தோரோ கொட்டாஞ்சேனையிலும் கிராண்ட்பாசிலும் பழைய தோட்டங்களிலேயே இருந்தனர். அவருட் சிலர் விடியுமுன் எழுந்து களனியாற்றைக் கடந்து வேலைக்குப் போகத் தொடங்கினர்.